ஸ்பானிய மொழிப் படங்களையும் தொடர்களையும் காதால் பார்ப்பது எப்படி?

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ஒலியைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. காலடியில் ஒரு பெடல், காதில் ஹெட்செட். ஒரு சொல் பிடிபடாவிட்டால் பெடலை மிதித்து இரண்டு வினாடி பின்னால் போவேன். பதினோரு வருடமாக இதுதான். அதனால் எந்தப் படம் ஓடினாலும் எனக்கு முதலில் விழிப்பது காது.

2018-ல் தம்பி ஒரு ஸ்பானியத் தொடரைப் போட்டுக் காட்டினான். ஆங்கில டப்பிங். வாய் ஒரு பக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் போனது. அரைமணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஆடியோவை ஸ்பானியத்துக்கு மாற்றினேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் யார் பயப்படுகிறார், யார் பயப்படாத மாதிரி நடிக்கிறார் என்பது அந்த நிமிடமே தெரிந்தது. அன்று ஆரம்பித்த நோட்டுப் புத்தகத்தில் இப்போது நூற்று நாற்பதுக்கு மேல் படங்களும் தொடர்களும் இருக்கின்றன. நான் ஸ்பானியம் படித்தவள் இல்லை. கேட்டவள். அந்தக் கேள்வி ஞானத்தை வைத்து, புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு வழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரிமோட்டைக் கையில் எடுங்கள்

டப்பிங்கை நிறுத்துங்கள். ஆடியோ பட்டியலில் சில சமயம் ஸ்பானியம் இரண்டு வகையாக இருக்கும்: ஸ்பெயின் ஸ்பானியம் ஒன்று, லத்தீன் அமெரிக்க ஸ்பானியம் ஒன்று. ஆங்கிலப் படமாக இருந்தால் அந்த இரண்டுமே டப்பிங்தான், நமக்கு வேண்டாம். ஸ்பானியப் படமாக இருந்தால் பக்கத்தில் ‘ஒரிஜினல்’ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது சப்டைட்டில். ஆங்கிலத்தில் இரண்டு வகை இருந்தால், ‘சிசி’ (CC) என்று குறித்திருப்பது பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதி வைத்தது. டப்பிங் வசனத்தை வாயசைவுக்குப் பொருந்தும்படி வெட்டி நீட்டியிருப்பார்கள். நீங்கள் கேட்பது ஸ்பானியம், படிப்பது டப்பிங் வசனம் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். சிசி இல்லாததை எடுங்கள், அது அசலுக்குக் கிட்டே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எழுபத்தொன்று. எழுத்து சிறியதாக இருந்தவரை பாதியில் தூங்கிவிடுவார். பின்னணியைக் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிதாக வைத்த பிறகு கடைசி வரை உட்காருகிறார்.

தம்பி கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். “அக்கா, நான் சண்டையப் பார்ப்பேனா, கீழ ஓடுற எழுத்தப் படிப்பேனா?” பத்து நிமிடம் பொறுத்துக்கொள் என்றேன். பழக்கம்தான். எழுத்தை வார்த்தை வார்த்தையாகப் படிக்கக் கூடாது. ஒரு பார்வையில் வரியை அள்ளிக்கொண்டு கண்ணை உடனே முகத்துக்குக் கொண்டு போக வேண்டும். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். கையில் போன் இருந்தால் இது நடக்காது. வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். பேச்சுக்கு நடுவில் விடும் மூச்சுதான் முதலில் காணாமல் போகும்.

அது எந்த நாட்டு வாய்?

ஸ்பானியம் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. ‘ஸ்பானியப் படம்’ என்று நாம் ஒரே பெட்டியில் போடுவதெல்லாம் உண்மையில் மாட்ரிட், புவெனோஸ் ஐரெஸ், மெக்சிகோ நகரம், பொகோட்டா, சாந்தியாகோ என்று வெவ்வேறு வீட்டுப் பேச்சு. நாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கதையில் பாதி தானாகத் திறந்துகொள்ளும்.

‘நன்றி’ என்பதைக் கவனியுங்கள். பல்லிடுக்கில் நாக்கை வைத்து ‘கிராத்தியாஸ்’ என்றால் பெரும்பாலும் ஸ்பெயின். ‘கிராசியாஸ்’ என்றால் லத்தீன் அமெரிக்கா, அல்லது ஸ்பெயினின் தெற்கு ஓரம். ‘நான்’ என்பதற்கு ‘யோ’ என்று சொல்லாமல் ‘ஷோ’ என்றால் அர்ஜென்டினா, உருகுவே. அங்கே மழையும் ‘ஷூவியா’ என்றுதான் பெய்கிறது. வாக்கியத்தின் கடைசியில் ‘போ’ என்று ஒட்டிக்கொண்டால் சிலி. நண்பர்கள் பேச்சில் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை ‘வெய்’ விழுந்தால் மெக்சிகோ. ‘பார்செ’ என்றால் கொலம்பியா. ‘சே’ என்று கூப்பிட்டால் அர்ஜென்டினா. குவேராவுக்கு அந்தப் பெயர் வந்ததே அவர் அடிக்கடி சொன்ன அந்த ஒரு அசையால்தான். ஸ்பெயின் இளைஞர்கள் ஒருவரை ஒருவர் ‘தீயோ’ என்பார்கள். அதன் நேர்ப்பொருள் மாமா அல்லது சித்தப்பா. நம் பையன்கள் ‘மாமா’, ‘மாப்ள’ என்று கூப்பிட்டுக்கொள்வதைப் போலவே. ஆங்கில சப்டைட்டிலில் இது வெறும் ‘நண்பா’ ஆகிவிடும்.

அடுத்தது ‘நீ’யும் ‘நீங்க’ளும். இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களை விட நல்ல வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். ஸ்பானியத்தில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ வரும், வினைச்சொல்லின் அழுத்தமும் கடைசிக்குத் தள்ளிப்போகும்: ‘தியெனெஸ்’ என்பது ‘தெனேஸ்’ ஆகும். பன்மையிலும் பிரிவு உண்டு. நெருங்கிய பலரைப் பார்த்து ஸ்பெயினில் ‘வோசோத்ரோஸ்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் எல்லாருக்கும் ‘உஸ்தெதெஸ்’தான். கொலம்பியாவில், பொகோட்டா பக்கம், கணவனும் மனைவியும்கூட உஸ்தெத் சொல்லிக்கொள்வது உண்டு. அங்கே அது தூரத்தைக் குறிக்காது.

ஒரு காட்சியில் இருவர் உஸ்தெத்திலிருந்து தூவுக்கு இறங்கினால் அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். காதலாக இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். சப்டைட்டில் அதைச் சொல்லாது. என் நோட்டில் இதற்கென்றே தனிப் பத்தி வைத்திருக்கிறேன். அந்த மாற்றம் வரும் நிமிடத்தை மட்டும் அதில் குறித்துவைப்பேன்.

இந்த வேறுபாடுகள் எவ்வளவு உணர்ச்சியானவை என்பதற்கு ‘ரோமா’ ஓர் உதாரணம். அல்ஃபோன்சோ குவாரோன் 2018-ல் எடுத்த மெக்சிகோ படம். ஸ்பானியமும் மிஷ்டெக் என்ற பழங்குடி மொழியும் பேசும் படம். ஸ்பெயின் பார்வையாளர்களுக்காக நெட்ஃப்ளிக்ஸ் அதற்கு ஸ்பெயின் ஸ்பானியத்தில் சப்டைட்டில் போட்டது. திரையில் ‘மமா’ என்று குழந்தை கூப்பிட, கீழே ‘மாத்ரே’ என்று எழுத்து ஓடியது. ஒரே மொழிக்கு மொழிபெயர்ப்பா என்று குவாரோனே கோபப்பட்டார். 2019 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். நெல்லைப் பேச்சுக்குக் கீழே சென்னைப் பேச்சை எழுதிக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

பெயர்களுக்கும் ஒரு சின்னப் பயிற்சி வேண்டும். ஹோசேயைப் பெப்பே என்பார்கள், பிரான்சிஸ்கோவைப் பாக்கோ, இக்னாசியோவை நாச்சோ, தொலோரெஸை லோலா. ‘பாக்கோ யார், பிரான்சிஸ்கோ யார்?’ என்று நான் இரண்டு எபிசோட் குழம்பியிருக்கிறேன். பெரும்பாலும் ஒருவருக்குக் குடும்பப் பெயர் இரண்டு: முதலில் அப்பாவுடையது, பிறகு அம்மாவுடையது. பெண்கள் கல்யாணத்துக்குப் பின்னும் பெயரை மாற்றுவதில்லை. நாம் மார்க்வெஸ் என்று அழைக்கும் கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் பெயரில் கார்சியாதான் அப்பா வழி, மார்க்வெஸ் அம்மா வழி.

ஒரு குரலைப் பின்தொடர்ந்து தொடங்குங்கள்

எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு நடிகரின் பெயரைத்தான் சொல்வேன்: ரிக்கார்தோ தரீன். அர்ஜென்டினாக்காரர். கத்தவே மாட்டார். களைத்துப்போன மனிதரின் குரல், ஆனால் ஒவ்வொரு அசையும் தெளிவு. காது பழகுவதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

முதலில் ‘அர்ஜென்டினா, 1985’. சாந்தியாகோ மித்ரே இயக்கி 2022-ல் வந்தது. ராணுவ ஆட்சியை நடத்திய ஒன்பது தளபதிகளைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்திய வழக்கு. அரசு வழக்கறிஞர் ஹூலியோ சேசர் ஸ்த்ராசேராவாகத் தரீன். அனுபவமுள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அனுபவமில்லாத இளைஞர்களை வைத்துக்கொண்டு அவர் சாட்சிகளைத் திரட்டுகிறார். இந்தப் படத்தை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் பேச்சு. வீட்டில் வோஸ், நீதிமன்றத்தில் உஸ்தெத். ஒரே மனிதர் வாசலைத் தாண்டும்போது மொழி மாறுவதை நீங்கள் காதாலேயே பிடிக்கலாம். சாட்சிகள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். கைவிலங்கோடு காருக்குள் பிரசவித்த அத்ரியானா கால்வோவின் சாட்சியம் வரும் இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அசையவில்லை. அப்பா மட்டும் மெதுவாக, “அந்தப் பொண்ணு குரல் நடுங்கவே இல்லையே” என்றார். அவர் சப்டைட்டிலைப் படித்துச் சொன்னதில்லை அது. நிஜ வழக்கின் ஒளிப்பதிவில் சாட்சிகளைப் பின்னாலிருந்துதான் எடுத்தார்கள், முகம் தெரியாது. அன்றைய மக்களுக்குக் கிடைக்காத முகத்தை இந்தப் படம் கொடுக்கிறது. கடைசி வாதத்தில் ‘நுங்கா மாஸ்’, இனி ஒருபோதும் இல்லை, என்று வரும். அந்த இரண்டு சொல் மட்டும் உங்கள் காதில் தங்கினால் போதும், முதல் பாடம் முடிந்தது.

அடுத்து ‘எல் எதெர்னௌத்தா’. 2025 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஆறு எபிசோட் தொடர், இயக்கம் புரூனோ ஸ்தாக்னாரோ. புவெனோஸ் ஐரெஸில் கோடைகால இரவு. நண்பர்கள் சேர்ந்து சீட்டாடுகிறார்கள். வெளியே பனி பெய்யத் தொடங்குகிறது, தொட்டவர் எல்லாம் சாகிறார்கள். மின்னணுச் சாதனங்கள் செத்துப்போக, பழைய காரும் பழைய கருவியும் மட்டும் உயிரோடு இருக்கின்றன. ‘லோ வியேஹோ ஃபுன்சியோனா’, பழையது வேலை செய்கிறது, என்று ஒருவர் சொல்கிறார். இதைப் பார்க்கும்போது ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். பனி பெய்ததும் நகரத்தின் இரைச்சல் அப்படியே அணைந்துவிடுகிறது. முகமூடிக்குள் தரீன் விடும் மூச்சுதான் அப்புறம் பல நிமிடத்துக்கு வசனம். என் கணக்கில் சமீப வருடங்களில் வந்த ஸ்பானியத் தொடர்களில் இதுதான் முதல் இடம்.

தரீன் பிடித்துப்போனால் பின்னோக்கிப் போகலாம். ஆறு தனிக் கதைகளால் ஆன ‘ரெலாதோஸ் சல்வாஹேஸ்’, 2014. ஆஸ்கர் வாங்கிய ‘எல் செக்ரேதோ தே சுஸ் ஓஹோஸ்’, 2009. இரண்டும் பழையவை, இரண்டும் கெட்டியானவை.

பத்து நிமிடம் வரலாறு படித்துவிட்டு உட்காருங்கள்

கதைச்சுருக்கத்தைப் படிக்காதீர்கள். அந்த நாட்டின் காயம் எது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அர்ஜென்டினாவுக்கு அது 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சி. ஆட்களைத் தூக்கிப்போய்த் தடமே இல்லாமல் செய்தார்கள். அவர்களைத் ‘தெசபாரெசீதோஸ்’ என்கிறார்கள். தமிழில் இதற்கு ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரியும். ‘எல் எதெர்னௌத்தா’வின் மூலம் 1957-ல் தொடராக வரத் தொடங்கிய படக்கதை. எழுதியவர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்தெர்ஹெல்த், வரைந்தவர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ். 1977-ல் ஓஸ்தெர்ஹெல்தை ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியது. அவருடைய நான்கு மகள்களையும் ஆக்கியது. இது தெரிந்த பிறகு அந்தத் தொடரில் ஒரு தகப்பன் தன் மகளைத் தேடி நடக்கும் ஒவ்வொரு தெருவும் வேறு மாதிரி தெரியும். எனக்கு இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் இது தெரிந்திருந்தது. முதல் முறையே தெரிந்திருக்கக் கூடாதா என்று வருந்தினேன்.

ஸ்பெயினுக்குக் காயம் இரண்டு. 1936 முதல் 1939 வரையிலான உள்நாட்டுப் போரும், அதன் பின் 1975-ல் சாகும்வரை நீடித்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியும் ஒன்று. பெத்ரோ அல்மோதோவரின் ‘மாத்ரேஸ் பாராலெலாஸ்’, 2021, இரு தாய்மார்களின் கதை என்று தொடங்குகிறது. பெனலோப் குரூஸின் பாத்திரம் தன் கொள்ளுத்தாத்தாவைப் போரில் கொன்று புதைத்த குழியைத் தோண்ட வேண்டும் என்று கேட்கும்போது, படம் எங்கே போகப்போகிறது என்பது வரலாறு தெரிந்தவருக்கு மட்டும் புரியும். இரண்டு கதைகளும் கடைசி வரை சரியாகத் தைக்கப்படவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் கடைசிக் காட்சிக்காக இன்னொரு முறை பார்ப்பேன்.

இரண்டாவது காயம் வடக்கு ஸ்பெயினில் உள்ள பாஸ்க் பகுதி. ‘பாத்ரியா’ என்ற எட்டு எபிசோட் தொடர் 2020-ல் எச்பிஓவில் வந்தது, பெர்னாந்தோ அரம்புரூவின் நாவலிலிருந்து. பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ஈட்டா அமைப்பு ஆயுதப் போராட்டத்தைக் கைவிடுவதாக 2011-ல் அறிவித்ததும், அவர்களால் கணவனை இழந்த பித்தோரி தன் பழைய ஊருக்குத் திரும்பிப் போகிறாள். அதே ஊரில் அவளுடைய உயிர்த்தோழி மிரென் இருக்கிறாள், மிரெனின் மகன் ஈட்டாவில் இருந்தவன். ஓயாத மழை. இரண்டு வயதான பெண்களின் பிடிவாதத்தை இவ்வளவு நியாயமாக, இரு பக்கமும் சாயாமல் காட்டிய தொடரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இதில் வசனத்தைவிட முக்கியம் பேசாமல் இருப்பது. ஊர் முழுக்க ஒரு பெண்ணோடு பேசுவதை நிறுத்திவிட்டால் அது எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டுமானால் இதைப் பாருங்கள்.

ஸ்பெயின் படம் எல்லாம் ஸ்பானியம் இல்லை

‘அல்காராஸ்’ என்ற படத்தை ஸ்பானியம் என்று நினைத்துப் போட்டேன். கார்லா சிமோன் இயக்கி, 2022-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய படம். பத்து நிமிடத்தில் காது குழம்பியது, பழகிய ஒரு சொல்லும் வரவில்லை. அது கட்டலான் மொழி. பீச் தோட்டத்தை இழக்கப்போகும் ஒரு குடும்பம், நடித்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. கட்டலான், கலீசிய, பாஸ்க் மொழிகளை ஸ்பானியத்தின் வட்டார வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அவை தனி மொழிகள். பாஸ்க் மொழிக்கு ஸ்பானியத்தோடு உறவே கிடையாது.

மொழிகள் மோதும் படம் பார்க்க வேண்டுமானால் ‘ஆஸ் பெஸ்தாஸ்’, 2022. இயக்கியவர் ரோத்ரிகோ சொரோகோயென். வடமேற்கு ஸ்பெயினில், கலீசியாவின் ஒரு மலைக்கிராமத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி விவசாயம் செய்ய வந்து குடியேறியிருக்கிறார்கள். காற்றாலை நிறுவனம் கொடுக்கும் பணத்தை வாங்க அந்த ஊர்ச் சகோதரர்கள் இருவர் துடிக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் மறுக்கிறார். தம்பதிக்குள் பிரெஞ்சு, சகோதரர்களுக்குள் கலீசியம், இரு தரப்பும் மோதும்போது ஸ்பானியம். யார் எந்த நொடியில் எந்த மொழிக்குத் தாவுகிறார் என்பதுதான் அந்தப் படத்தின் பயம். மதுக்கடையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் ஒரு நீண்ட காட்சியில் கேமரா நகரவே நகராது. லூயிஸ் சாஹேரா பேசுகிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று அங்கே எனக்குத் தோன்றியது, அதனாலேயே நடுக்கம் கூடியது. ஸ்பெயினின் திரைப்பட விருதான கோயா ஒன்பது கிடைத்தது அந்தப் படத்துக்கு. இன்னும் கொடுத்திருக்கலாம்.

மென்மையாக ஒன்று வேண்டுமானால் ‘எல் 47’, 2024. பார்சிலோனாவின் தோரே பரோ குன்றில் குடியேறிய ஏழைகளின் பகுதிக்குப் பேருந்து ஏறாது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். 1978-ல் 47-ம் எண் பேருந்தின் ஓட்டுநர் மனோலோ வித்தால் பேருந்தைக் கடத்தித் தன் மக்களிடம் ஓட்டிப் போன உண்மைக் கதை. ஸ்பானியமும் கட்டலானும் கலந்து வரும். கோயாவில் சிறந்த படம் என்ற விருதை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டது இந்தப் படத்தால்தான் முதல் முறை நடந்தது, இன்னொன்று ‘லா இன்ஃபில்த்ராதா’. குடும்பத்தோடு பார்க்க நான் முதலில் சொல்லும் படம் எல் 47. பொதுவாக ஸ்பெயின் படங்களில் உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக வரும், பெரியவர்களையும் குழந்தைகளையும் உட்காரவைப்பதற்கு முன் வயதுக் குறிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாரும் கேட்கும் தொடர்

‘மணி ஹெய்ஸ்ட்’ பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். முதல் இரண்டு பாகத்தோடு நிறுத்துங்கள். ஸ்பானியத்தில் அதன் பெயர் ‘லா காசா தே பாப்பெல்’. அலெக்ஸ் பினா உருவாக்கி, 2017-ல் ஆந்தெனா 3 என்ற ஸ்பெயின் தொலைக்காட்சியில் பதினைந்து எபிசோடாக ஓடிய தொடர். அங்கே ஒரு எபிசோட் எழுபது நிமிடம் போகும். நெட்ஃப்ளிக்ஸ் அதை வாங்கி இருபத்திரண்டாக வெட்டிப் போட்டது. சில எபிசோடுகள் மூச்சு வாங்காமல் திடீரென்று முடிவதாக உங்களுக்குத் தோன்றினால் காரணம் இதுதான். எழுதியவர்கள் அங்கே முடிவு வைக்கவில்லை. நாணயச் சாலைக் கொள்ளையோடு கதை முழுமையாக முடிந்துவிட்டது. அதற்கு மேல் 2021 வரை நீண்டதில் துப்பாக்கிச் சத்தம் கூடியது, கொள்ளைக்குத் திட்டம் போடும் புரொஃபசரின் அந்தத் தயங்கித் தயங்கிப் பேசும் குரல் குறைந்தது. எனக்கு அந்தக் குரல்தான் தொடர். தம்பி இதை ஒத்துக்கொள்ள மாட்டான், அவனுக்குக் கடைசிப் பாகம்தான் உயிர்.

வாய் பொய் சொன்னால்

காது பழகியதும் ஒரு தொல்லை வரும்: பொருந்தாத உச்சரிப்பு உறுத்த ஆரம்பிக்கும். ‘நார்கோஸ்’ பார்த்தபோது எனக்கு எதுவும் தெரியவில்லை. அதில் கொலம்பியப் போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபாராக நடித்த வாக்னர் மௌரா பிரேசில்காரர், அந்த வேடத்துக்காகவே ஸ்பானியம் கற்றவர் என்பதும், கொலம்பியர்களுக்கு அந்த உச்சரிப்பு உறுத்தியது என்பதும் பிறகுதான் தெரிந்தது. இப்போது கேட்டால் எனக்கும் உறுத்துகிறது. அவருடைய உழைப்பின் மேல் மரியாதை குறையவில்லை. ‘எமிலியா பெரெஸ்’, 2024, வேறு கதை. பாட்டுகளால் கதை சொல்லும் படம், பிரெஞ்சு இயக்குநர், பெரும்பகுதி பிரான்சில் ஸ்டுடியோவில் எடுத்தது, கதையோ மெக்சிகோவின் காணாமல்போனவர்களைப் பற்றியது. பதின்மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, மெக்சிகோவில் கோபமும் வந்தது. நான் கோபப்பட்டவர்கள் பக்கம். மகனைத் தேடும் தாயின் துயரத்தை வைத்துப் பாட்டு எழுதுபவர், அந்தத் தாய் எப்படிப் பேசுவாள் என்று போய்க் கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் ‘லா சொசியெதாத் தே லா நியேவே’. 1972 அக்டோபர் 13 அன்று ஆண்டிஸ் மலையில் விழுந்த உருகுவே விமானம். நாற்பத்தைந்து பேரில் பதினாறு பேர், எழுபத்திரண்டு நாள் கழித்து உயிரோடு வந்தார்கள். இயக்குநர் ஹுவான் அந்தோனியோ பயோனா ஸ்பெயின்காரர். ஆனால் அதிகம் அறியப்படாத உருகுவே, அர்ஜென்டினா இளைஞர்களை வைத்து அவர்கள் பேச்சிலேயே எடுத்தார். இறந்தவர்களின் பெயரும் வயதும் திரையில் வரும்போது ஒரு நொடி நிறுத்தி அந்தப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன்.

மக்கோந்தோவுக்குப் போகும்போது

மக்கோந்தோ, மார்க்வெஸின் நாவலில் வரும் கற்பனை ஊர். அந்த நாவலிலிருந்து எடுத்த ‘சியென் அனியோஸ் தே சொலெதாத்’ தொடரின் முதல் எட்டு எபிசோட் 2024 டிசம்பரில் வந்தது. தன் நாவலைப் படமாக்க மார்க்வெஸ் கடைசி வரை சம்மதிக்கவில்லை. அவருடைய மகன்கள் ரோத்ரிகோ, கொன்சாலோ இருவரும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இருந்து, கொலம்பியாவில், ஸ்பானியத்திலேயே எடுக்கவைத்தார்கள். நாவல் தமிழில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று வந்திருக்கிறது. படிக்காதவரும் தொடரைப் பார்க்கலாம், ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் போதும். அந்த வீட்டு ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஹோசே அர்காதியோ, அவுரேலியானோ என்ற இரண்டே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் மரத்தில் ஒரு கிளை வரையுங்கள். கதைசொல்லியின் குரல் வரும் இடங்களில் கண்ணை மூடிக் கேட்டாலும் நஷ்டமில்லை, பாட்டி கதை சொல்லும் நிதானம் அதில் இருக்கிறது. சில இடங்களில் படம் அந்தக் குரலுக்கு உரை எழுதுவதுபோல் பின்னால் ஓடுகிறது, அது எனக்குக் குறையாகப் பட்டது.

ஒரே இரவில் முடிக்காதீர்கள்

கடைசியாக ஒன்று, சொரோகோயெனின் ‘லோஸ் அனியோஸ் நுவெவோஸ்’, 2024. பத்து எபிசோட், பத்து புத்தாண்டு. மாட்ரிட்டில் முப்பதைத் தொடும் ஒரு பெண்ணும் ஆணும் ஒரு புத்தாண்டு இரவில் சந்திக்கிறார்கள். அடுத்த எபிசோட் அடுத்த வருடம் அதே நாள். நடுவில் நடந்ததை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அவர்கள் பேசும் தொனியிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். ஸ்பெயினில் அன்று நள்ளிரவில் மணி பன்னிரண்டு முறை அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை வாயில் போடுவார்கள். அது தெரிந்தால் போதும், வேறு வரலாறு தேவையில்லை.

இதை நான் ஹெட்செட் போட்டுத் தனியாகத்தான் பார்த்தேன், படுக்கையறைக் காட்சிகள் நிறைய. இரவுக்கு ஒன்று என்று பத்து இரவு வையுங்கள். இரண்டு எபிசோடுக்கு நடுவில் ஒரு பகலாவது கழிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வருட இடைவெளி உங்களுக்கு எட்டாது. பத்தாவது இரவு முடிந்ததும் தூங்கப் போகாமல், முதல் எபிசோடில் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் இடத்தை மட்டும் மறுபடி போடுங்கள். சப்டைட்டில் வேண்டாம்.